முகாம் பெண்களின் பனையோலைப் பெட்டிக்கு என்ன விலை வைப்பது?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் பெண்களுக்கு ஏதாவது கைத்தொழில் கற்றுக்கொடுக்கலாமே என்று என்னிடம் கேட்பவர்கள் அநேகம். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள், அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தென்மாவட்டத்து முகாம் ஒன்றில் பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண்களோடு சில ஆண்டுகளாகப் பழகி, அவர்களுடைய பெட்டிகளை விற்றுக்கொடுக்கும் வேலையில் நண்பர்களோடு ஈடுபட்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. தையல், எம்பிராய்டரி, மெழுகுவத்தி, சணல் பை, செயற்கை நகை என்று ஏதோ ஒரு பயிற்சியையாவது பெறாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரே அக்காவின் டிரங்குப் பெட்டிக்குள் நான்கைந்து சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சி முடிந்த மறுவாரம் மூலப்பொருளை யார் பணத்தில் வாங்குவது, செய்து முடித்ததை யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு வாங்குவார்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் ஆளில்லை. இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது.

முகாம்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சிறிது பின்னணி. 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு கடல் கடந்து வரத் தொடங்கிய ஈழத்தமிழர்கள், 1990களிலும் 2006க்குப் பிறகும் மீண்டும் மீண்டும் அலையாக வந்தார்கள். மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படித் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்திருக்கிறார்கள். பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். எஞ்சியவர்களில் ஏறத்தாழ 58,000 பேர் இன்றும் மாநிலம் முழுவதும் பரவியுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். முகாமுக்கு வெளியே காவல்துறையில் பதிவுசெய்துகொண்டு வாழ்பவர்கள் தனி. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களோடு நின்றுவிட்டது. ஆகவே இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்ற பெண்கூட ஆவணத்தில் இன்னும் முகாம்வாசிதான்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் அளவிலான திட்டங்களை அறிவித்து, பழைய வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள் கட்டத் தொடங்கியது. அகதிகள் முகாம் என்ற பெயரும் அப்போதுதான் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. மாதந்தோறும் தரும் பணக்கொடையும் உயர்ந்தது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய் வருகிறது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ரேஷன் அரிசியோடு சேர்ந்து பட்டினியைத் தடுப்பது இந்தத் தொகைதான். ஆனால் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவும், ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் சமாளிக்கவும் இது போதாது. ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். வேலை கிடைத்தால் பல நாள் வெளியூரில் தங்கிவிடுவார்கள், மழைக்காலம் வந்தால் வேலையே இராது. பெண்களுக்கு வயல்வேலையும் வீட்டுவேலையும் பக்கத்து மில்லும் இருக்கின்றன. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், கணவன் விட்டுப்போனதால் வீட்டையும் வெளியையும் தனியாக இழுப்பவர்களுக்கும் அவை ஒத்துவருவதில்லை. அதிகாரிகள் வந்து ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் முகாமில் ஆள் இருந்தாக வேண்டும் என்பதால் தொலைதூர வேலைக்கு ஒப்புக்கொள்வதும் கடினம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை அழுதால் எழுந்துபோய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வேலை என்றால் அது கைவேலையாகத்தான் இருக்க முடிகிறது.

எங்கள் குழுவில் மூத்தவர் 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்த ஒரு பெரியம்மா. பெட்டி இழைக்க அவருக்கு எந்தத் திட்டத்திலும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கடகம், சுளகு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, பனங்கட்டி போட்டு வைக்கும் குட்டான் எல்லாமே அவர் பிறந்த வீட்டில் அன்றாடம் புழங்கிய பொருள்கள். தாய் இழைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர். முகாமுக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் அந்தக் கை சும்மா இருந்தது. பிளாஸ்டிக் கூடை பத்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஓலைப் பெட்டி யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் பெட்டிக்கு விலை பேசமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். விரியாத குருத்தோலையை வெட்டிவந்து, இதழ் இதழாகப் பிரித்து, வெயிலில் பரப்பி வெளுக்க வைக்கிறார்கள். ஓலை காய்ந்ததும் நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்தெடுத்துத் தனியே கட்டி வைக்கிறார்கள், பின்னால் விளிம்பு கட்ட அது வேண்டும். பிறகு சிறு கத்தியின் முனையால் ஓலையை ஒரே அகலத்தில் வாருகிறார்கள். பெரியம்மா இதற்கு அளவுகோல் வைத்துக்கொள்வதில்லை, கட்டைவிரல் நகத்தை ஓலையின் மேல் ஓட்டியே அகலத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாருவதில் நூலளவு பிசகினாலும் பெட்டியின் மூலை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், மூடி சரியாக இறங்காது. நிறம் வேண்டிய வார்களைச் சாயப்பொடி கலந்த கொதிநீரில் அமிழ்த்தி எடுத்து நிழலில் உலர்த்துகிறார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இழைக்கவே உட்கார முடியும்.

இழைக்கும்போது ஓலையில் ஈரம் இருந்தாக வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து, இரண்டிரண்டு வாராக உருவி எடுத்து இழைப்பார்கள். பங்குனி, சித்திரையில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் அந்த ஈரம் நிற்பதில்லை. "வெயில் ஏறிட்டுது பிள்ளை, இனி இழைச்சா ஓலை வெடிச்சுப் போகும்" என்று பெரியம்மா பாயைச் சுருட்டிவிடுவார். பழைய முகாம் வீடுகளின் தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் மனிதர்களே இருக்க முடியாதபோது ஓலை எப்படி இருக்கும்? ஆகவே இழைப்பதற்கு உகந்த நேரம் விடியற்காலையும் அந்திக்குப் பிறகும்தான். அந்த நேரங்களில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும், திரும்பி வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். வீட்டிலிருந்தபடியே ஓய்வு நேரத்தில் சம்பாதிக்கலாம் என்று கைவேலையைப் பற்றிப் பலரும் சொல்லும் சொல்லை இந்த முகாமுக்கு வந்தபிறகு என்னால் ஏற்க முடியவில்லை. ஓலைக்கு ஏற்ற நேரம் ஒரு பெண்ணின் ஓய்வு நேரத்தில் வருவதில்லை. தூக்கத்தைக் குறைத்தோ, மூத்த மகளிடம் அடுப்பை விட்டோதான் இந்தப் பெட்டிகள் உருவாகின்றன. விலை வைக்கும்போது இந்த நேரத்துக்குத்தான் விலை வைக்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மூடியுடன் கூடிய கையளவுப் பெட்டி ஒன்றுக்கு, ஓலை வாருவது முதல் விளிம்பு கட்டி முடிப்பது வரை எல்லாவற்றையும் கூட்டினால் பழகிய கைக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். எட்டு மணி நேரமாக வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்த ஊதியத்தையே அளவாக வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு 126 ரூபாய் வருகிறது. ஓலைக்கும் சாயத்துக்கும் விறகுக்கும் இருபது ரூபாய் சேருங்கள். இழைக்கும்போது வெடித்துப்போகும் ஓலைக்கும், மூடி பொருந்தாமல் ஒதுக்கிவைக்கும் பெட்டிக்கும், பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகும் செலவுக்கும் ஏதாவது சேர்த்தால் 160 ரூபாய்க்குக் கீழே அந்தப் பெட்டியைக் கொடுப்பது, மண்வெட்டி பிடிக்கும் வேலைக்கு அரசு தரும் கூலியைவிடக் குறைவாகக் கைத்திறனுக்குக் கொடுப்பதாகும். நகரத்தில் கைவினைப் பொருள் விற்கும் கடை ஒன்றில் இந்தப் பெட்டியை எழுபது ரூபாய்க்குத் தர முடியுமா என்று கேட்டார்கள். அந்தக் கடையைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்களுக்கு வாடகை உண்டு, விற்காமல் தேங்கும் சரக்கு உண்டு. வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றால்தான் கடை நடக்கும் என்பது வியாபாரத்தில் இயல்பானதே. ஆனால் எழுபது ரூபாய்க்கு ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பெண்களின் ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய்கூடத் தேறியிருக்காது. ஆண்டு முழுவதும் ஆர்டர் நிறைந்திருந்தாலும் குடும்பம் ஒரு படி மேலே வந்திருக்காது.

முதலில் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது பெண்களே தயங்கினார்கள். இவ்வளவு விலை சொன்னால் யாரும் வாங்கமாட்டார்கள் என்றார்கள். தங்கள் நேரத்துக்கு விலை உண்டு என்பதைவிட, விற்காமல் போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. கையில் சேமிப்பு இல்லாதவர்கள் விலையைக் குறைத்துத்தான் பேச ஆரம்பிப்பார்கள், இடையில் நிற்பவர்கள் அதையே சந்தை விலை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் எனக்குக் குஜராத்தின் கட்ச் பகுதி நினைவுக்கு வரும். 1971 போரின்போதும் அதன் பின்னும் பாகிஸ்தானின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து அகதிகளாக வந்து அங்கே குடியேறிய பெண்களிடம் சூஃப் என்ற எம்பிராய்டரி இருந்தது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணித் துணியின் பின்பக்கத்திலிருந்து போடும் தையல் அது. கண் கூர்மையும் மனக்கணக்கும் ஒருசேர வேண்டும். சும்ராசர் ஷேக் என்ற ஊரில் 1993இல் தொடங்கப்பட்ட கலா ரக்‌ஷா அமைப்பு இப்படிப்பட்ட பெண்களோடு வேலை செய்தது. ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் என்ன கூலி என்பதைக் கைவினைப் பெண்களே கூடி உட்கார்ந்து முடிவுசெய்யும் வழக்கத்தை அந்த அமைப்பு ஏற்படுத்தியது. ஒருத்தி செய்ததை இன்னொருத்தி கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இதில் இத்தனை நாள் உழைப்பு இருக்கிறது, இந்த மூலையில் அவசரம் தெரிகிறது என்று சொல்லி விலை வைக்கும்போது, விலையோடு தரமும் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. எங்கள் குழுவும் இதைப் பின்பற்றத் தொடங்கிய பிறகுதான் ஓரம் பிசிறிய பெட்டிகள் என் கைக்கு வருவது நின்றது. நான் திருப்பிக் கொடுத்தால் வருத்தப்படுகிறவர்கள், பெரியம்மா திருப்பிக் கொடுத்தால் பிரித்து மறுபடி இழைக்கிறார்கள்.

அகதிகளின் கைத்தொழில் என்றால் இந்தியாவில் நெடுங்காலம் நிலைத்து நின்றது திபெத்தியர்களின் கம்பளம். 1959 அக்டோபரில் டார்ஜிலிங்கில் திபெத்திய அகதிகள் சுய உதவி மையம் நான்கே தொழிலாளர்களோடு தொடங்கியது. லெபோங் மேற்கில் உள்ள அந்தக் குன்றில்தான் பதின்மூன்றாம் தலாய் லாமா 1910 முதல் 1912 வரை தங்கியிருந்தார். அங்கே நெய்யும் முறையே தனி. பாவின் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியை வைத்து, கம்பளி நூலை அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், வரிசை முடிந்ததும் சுத்தியலால் தட்டி இறுக்கி, கம்பியை ஒட்டிக் கத்தியால் அறுத்து விடுகிறார்கள். அறுபட்ட நூல்முனைகள் நிமிர்ந்து கம்பளத்தின் மேற்பரப்பாகின்றன. மஞ்சிட்டியும் அவுரியும் வால்நட் தோலும் நிறம் தருகின்றன. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது, அந்த மையம் தறிகளை மட்டும் வைத்து நிற்கவில்லை என்பது. கம்பளியை மொத்தமாக வாங்கி வைத்தது, விற்பனைக்குச் சொந்தக் கடை வைத்தது, வெளிநாட்டு ஆர்டர்களைத் தன் பெயரிலேயே பெற்றது. நெய்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நோயாளிகளுக்கு மருத்துவ வசதியும் முதியோருக்கு இல்லமும் அதே வளாகத்தில் இருந்தன. தறியில் உட்காரும் பெண் தன் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கவலைப்படாமல் நெய்ய முடிந்தது. நமது பயிற்சித் திட்டங்களில் காணாமல் போவது இந்த வளாகம்தான்.

நேபாளத்தில் இதே கம்பளம் வேறு பாதையில் போனது. காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஜாவலாகேலில் 1960களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு திபெத்திய அகதிகளுக்காகத் தொடங்கிய கைவினை மையத்திலிருந்து கம்பளங்கள் ஐரோப்பாவுக்குப் போயின. தேவை பெருகப் பெருக, அகதிகள் அல்லாத முதலாளிகளும் தொழிற்கூடங்கள் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் கம்பளம் நேபாளத்தின் மிகப் பெரிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றாகிவிட்டது. கூடவே குழந்தைத் தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று இந்தக் கொடுமைக்கு எதிராக நடத்திய இயக்கத்தின் விளைவாகவே 1994இல், குழந்தைகளை வேலை வாங்காமல் நெய்த கம்பளம் என்று சான்று தரும் ரக்மார்க் முத்திரை ஏற்பட்டது. விற்பனை பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. எங்கள் சின்னக் குழுவுக்கே ஒரு பெரிய ஆர்டர் வந்தபோது, முதலில் நான் கேட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஓலை வார உட்கார வைப்பீர்களா என்றுதான். இல்லை என்று உறுதியாகச் சொல்ல அவர்களுக்கே சிறிது நேரம் பிடித்தது. இறுதியில் ஆர்டரின் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டோம்.

வாங்குபவர்களின் விருப்பம் செய்பவர்களின் கைக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம் என்பது எனக்கு இன்னும் முடிவாகத் தெளியாத விஷயம். லாவோஸில் 1975இல் ஆட்சி மாறிய பிறகு தாய்லாந்துக்குத் தப்பியோடிய மோங் என்ற மலைவாழ் மக்கள் பான் வினாய் போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அங்கேதான் மோங் பெண்கள் தங்கள் மரபான பூவேலைத் தையலோடு, ஊரையும் போரையும் மேகோங் நதியைக் கடந்ததையும் உருவங்களாகத் தைத்த கதைத்துணிகளைச் செய்யத் தொடங்கினார்கள். அவை அமெரிக்காவில் விலைபோயின. ஆனால் அவர்களுக்குப் பிடித்த பளிச்சென்ற நிறங்கள் அமெரிக்க வீடுகளின் சோபாவுக்கும் படுக்கைக்கும் பொருந்தவில்லை என்பதால், மங்கிய நீலமும் பழுப்பும் துணிகளில் வந்தன. எங்கள் முகாமிலும் இதே கதைதான். பெண்களுக்கு ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் ஒரே பெட்டியில் வேண்டும். நகரத்தில் வாங்குபவர்களுக்குச் சாயமே இல்லாத வெளுத்த ஓலை வேண்டும், மிஞ்சிப்போனால் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. நான் நகரத்தாரின் பக்கம் சாய்ந்தே பேசிவந்தேன், விற்பனை முக்கியம் என்பதால். ஆனால் பெண்கள் தங்கள் விருப்பத்துக்கு இழைத்த பச்சை, சிவப்புப் பெட்டிகளைப் பக்கத்து ஊர்ச் சந்தையிலும் மாதா கோயில் திருவிழாவிலும் கிராமத்துப் பெண்கள் தேடி வாங்குகிறார்கள். அங்கே விலை குறைவு, ஆனால் அன்றைக்கே கையில் காசு. இரண்டு சந்தைக்கும் இரண்டு விதமாக இழைப்பது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம்.

பெட்டியோடு தொங்கும் அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. படகில் வந்த கதையையும் இழந்த உறவுகளையும் எழுதி, ஒரு முகத்தின் படத்தையும் போட்டால் விற்பனை கூடும் என்று அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை சொன்னார்கள். கூடத்தான் செய்யும். கண்காட்சியில் நிற்கும்போது, "பாவம், ஏதோ நம்மால் ஆன உதவி" என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் மறுபடி வருவதில்லை. உதவி ஒரு தடவை செய்தால் மனம் நிறைந்துவிடுகிறது, பெட்டி தேவைப்பட்டவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். அதைவிட முக்கியமாக, தன் பிள்ளையைக் கடலில் பறிகொடுத்த ஒரு தாய் அந்தத் துயரத்தை அட்டையில் அச்சிட்டு விற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெண்களிடமே கேட்டோம். மூத்தவர்கள் இரண்டு பேர் எழுதினால் என்ன என்றார்கள், நடந்ததைத்தானே சொல்கிறோம் என்பது அவர்கள் வாதம். இளையவர்கள் ஒருவர்கூட ஒப்பவில்லை. "நாங்கள் இங்கேதானே பிறந்தனாங்கள், எங்களை ஏன் அக்கா அகதியெண்டு எழுதோணும்?" என்று ஒருத்தி கேட்டாள். அட்டையில் இப்போது கைவினைஞர் பெயரின் முதலெழுத்தும், ஓலையை ஈரம் படாமல் எப்படி வைத்துக்கொள்வது என்ற குறிப்பும் மட்டும்தான் இருக்கின்றன. சொல்ல விரும்புகிறவர்கள் கண்காட்சியில் வாயால் சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்த இளையவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முகாம் பிள்ளைகளில் பட்டம் முடித்தவர்கள் இன்று ஏராளம். 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் கல்விக்குக் கொடுத்த முக்கியத்துவத்தின் பலனை எங்கே போனாலும் காணலாம். பி.காம். படித்த மகள் பெட்டி இழைக்க உட்கார வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவள் தாயும் எதிர்பார்க்கவில்லை. மரபுக் கலை அழிந்துவிடுமே என்று வருந்துகிறவர்கள் ஊட்டிக்குப் போனால் அங்குள்ள திபெத்தியர் சந்தையைப் பார்க்கலாம். கம்பளம் நெய்த சமூகத்தின் பிள்ளைகள் குளிர்காலத்தில் ஊர் ஊராக ஸ்வெட்டர் விற்கிறார்கள், அந்த ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி லூதியானாவின் இயந்திரங்களில் பின்னியவை. தறியைவிட வியாபாரத்தில் வருமானம் கூடுதலாக இருந்ததால் போனார்கள். கைவேலை ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டு அடுத்த தலைமுறையைப் படிக்க வைத்துவிட்டால், அது தன் வேலையைச் செய்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். மகள்களில் ஒருத்தி எங்கள் குழுவின் கணக்கையும் வாட்ஸ்அப் ஆர்டர்களையும் பார்த்துக்கொள்கிறாள். அந்த வேலைக்கும் பெட்டி விலையில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறோம், அவள் நேரமும் நேரம்தானே.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே தொகை போகவேண்டும் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம். அடையாள ஆவணத்தில் உள்ள சிறு எழுத்துப் பிழையால் கணக்கு முடங்கி, அதைத் திருத்த ஒரு பெண் மாதக்கணக்கில் அலைந்ததும் உண்டு. முன்பணம் இல்லாமல் இந்தத் தொழில் நகராது என்பதும் அனுபவத்தில் கண்டது. ஓலை கிடைக்கும் காலத்தில் மொத்தமாக வாங்கிக் காயவைத்துக் கட்டி வைக்க வேண்டும். பனையேறுபவர்கள் குறைந்துபோன இந்நாளில் குருத்து வெட்டித்தர ஆள் கிடைப்பதே அரிது. ஒரு மரத்திலேயே அளவுக்கு மீறிக் குருத்தை வெட்டினால் மரம் நலிந்துவிடும் என்பதால் நல்ல பனையேறி நாம் கேட்கும் அளவுக்கு வெட்டவும் மாட்டார். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லாத குழு, பிறகு ஆர்டர் வந்தாலும் இழைக்க ஓலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

எங்களுக்குக் கைகொடுப்பது திருமண ஆர்டர்கள்தான். செட்டிநாட்டுப் பக்கம் விசேஷ வீடுகளில் ஓலைக் கொட்டானுக்கு நெடுநாளாக ஒரு மதிப்பு உண்டு. காரைக்குடிப் பகுதியில் அந்தக் கலையை மீட்டெடுத்தவர்களின் முயற்சியால் இப்போது வெளியூர்த் திருமணங்களிலும் தாம்பூலத்தை ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் ஆசை பரவியிருக்கிறது. கடைக்கு விற்கும்போது இடையில் போகும் பாதி விலை இதில் போவதில்லை. 160 ரூபாய் என்று சொன்னால் அது முழுவதும் பெண்களுக்கே போய்ச் சேர்கிறது, இதே விலைக்கு ஒரு கடை வாங்கி விற்றால் ஆகும் விலையில் பாதிதான் மொத்தமாக வாங்குபவருக்கும் ஆகிறது. விருந்தினர் எல்லோருக்கும் வேண்டாம், நெருங்கிய உறவினர் நூறு பேருக்கு மட்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதுவே ஐந்தாறு பெண்களுக்கு ஒரு மாதத்து நல்ல வருமானம்.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். தை மாத முகூர்த்தத்துக்குப் பெட்டி வேண்டுமானால் ஆவணியிலேயே சொல்லிவிடுங்கள். ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால் ஓலை காயாது, இழைத்த பெட்டியிலும் பூஞ்சணம் ஏறும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் இழைத்துக் காயவைத்துக் கட்டிவிட வேண்டும். சொல்லும்போதே பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள், ஓலைக்கும் சாயத்துக்கும் அந்தப் பெண்கள் வட்டிக்கு வாங்காமல் இருப்பார்கள். அளவையும் நிறத்தையும் ஒரு மாதிரிப் பெட்டி பார்த்து முடிவுசெய்யுங்கள், பாதி இழைத்த பிறகு மாற்றாதீர்கள். மாதிரிப் பெட்டிக்கும் விலை உண்டு.